எழுபத்திரண்டு மணி நேரமும் ஒரு மாத்திரை அட்டையும்: அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் திரும்பி வருகிறவர்கள் யார்?

இந்தியாவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் என்.ஏ.பி.எச். அமைப்பு, சான்று பெற்ற மருத்துவமனைகள் தொடர்ந்து கணக்கு வைத்துவர வேண்டிய அளவீடுகளை வரையறுத்திருக்கிறது. அவற்றில் ஒன்று, அவசர சிகிச்சைப் பிரிவில் பார்த்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் 72 மணி நேரத்துக்குள் அதே மாதிரியான தொந்தரவுடன் திரும்பி வந்தார்கள் என்பது. மும்பையில் சான்று வாங்கிய பெரிய தனியார் மருத்துவமனைகளில் இந்த எண்ணை மாதந்தோறும் கணக்கிடுகிறார்கள். கோடு இறங்கினால் மகிழ்ச்சி, ஏறினால் கேள்வி. இந்த எண் உண்மையில் எதைச் சொல்கிறது, யார் திரும்பி வருவார் என்பதை முன்கூட்டியே கண்டுகொள்ள முடியுமா, கண்டுகொண்டால் அதனால் நோயாளிக்கு என்ன பயன் என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். முதல் இரண்டுக்கும் ஓரளவு விடை இருக்கிறது. மூன்றாவதில்தான் உலகம் முழுவதும் தடுமாறிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் அந்த 72. இந்த எண்ணுக்குப் பின்னால் பெரிய உடலியல் காரணம் எதுவும் இல்லை. மூன்று நாள் என்பது கணக்கெடுக்கத் தோதாக இருந்தது, அப்படியே நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் 2014இல் வெளியான ஓர் ஆய்வு, திரும்பி வந்தவர்களை நாள் வாரியாக அடுக்கிப் பார்த்தபோது, முதல் நாளில் எண்ணிக்கை உச்சத்தில் இருந்து பிறகு மெல்லச் சரிவதைக் கண்டது. மூன்றாம் நாள் முடிவில் கோடு எங்கும் சட்டென்று விழவில்லை. முதல் வருகையோடு தொடர்புடைய திரும்புதல்களைப் பெருமளவு உள்ளடக்க வேண்டுமானால் ஒன்பது நாள்வரை நீட்ட வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆக, நாலாம் நாள் காலையில் மூச்சு வாங்கிக்கொண்டு வருபவர் கணக்கில் வரமாட்டார். கட்டு சரியாக இருக்கிறதா என்று மூன்றாம் நாள் காட்ட வந்து, பதிவெழுத்தரின் அவசரத்தில் தவறாகக் குறிக்கப்பட்டவர் கணக்கில் ஏறிவிடுவார்.

திரும்பி வருவது என்பதும் ஒரே வகையான நிகழ்ச்சி அல்ல. தையல் பிரிக்கவும் தட்டணு எண்ணிக்கையை மறுபடி பார்க்கவும் வரச் சொல்லி வருவது ஒன்று. முதல் முறை நோயைத் தவறாகக் கணித்ததால் வருவது வேறொன்று. மருந்து வாங்கப் பணமில்லாமல் போனதால், அல்லது இரவில் வலி தாங்காமல் பயந்துபோனதால் வருவது இன்னொன்று. இவற்றுக்கு நடுவில், நோய் தன் போக்கில் முற்றியதால் வருவது என்று ஒரு பெரிய பங்கு இருக்கிறது. குடல்வால் அழற்சியை எடுத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் வலி தொப்புளைச் சுற்றி மந்தமாக இருக்கும். பல மணி நேரம் கழித்துத்தான் அடிவயிற்றின் வலப்பக்கம் இறங்கி நிலைகொள்ளும். முதல் நாலு மணி நேரத்தில் வந்தவருக்கு அதைக் கண்டுபிடிக்க முடியாமல் போவதில் வியப்பில்லை. “வலி வலப்பக்கம் இறங்கினால், நடக்கும்போது குத்தினால், உடனே வாருங்கள்” என்று சொல்லி அனுப்பி, அவரும் பன்னிரண்டு மணி நேரத்தில் திரும்பி வந்து அறுவை சிகிச்சைக்குப் போனால், அது நல்ல மருத்துவம். ஏட்டில் அது குறையாகத்தான் ஏறும்.

மும்பையின் மழைக்காலம் இதற்கு இன்னும் தெளிவான சான்று. ஜூன் தொடங்கிச் செப்டம்பரைத் தாண்டியும் கேஷுவல்டிகளில் (அவசரப் பிரிவுகளில்) பெருங்கூட்டம் காய்ச்சல்காரர்கள்தான்: மலேரியா, டெங்கு, தேங்கிய வெள்ளத்தில் நடந்ததால் வரும் எலிக்காய்ச்சல். இவற்றில் டெங்குவின் குணம் விபரீதமானது. பெரும்பாலான நோய்களில் காய்ச்சல் இறங்கினால் ஆபத்து நீங்கியது என்று பொருள். டெங்குவில், நோய் தொடங்கி ஏறத்தாழ மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும் வேளையில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, சிலருக்கு இரத்த அழுத்தம் சரிகிறது. வீட்டில் “காய்ச்சல் விட்டுருச்சு” என்று ரசம் சாதம் பிசைந்து கொடுக்கிற அதே மாலையில் நோயாளி அதிர்ச்சி நிலையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கலாம். ஓயாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், காரணமில்லாத சோர்வு அல்லது நிலைகொள்ளாமை ஆகியவற்றை எச்சரிக்கை அடையாளங்களாக உலகச் சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டி குறிப்பிடுகிறது. இவற்றை நோயாளிக்குப் புரியும்படி சொல்லி அனுப்பும் மருத்துவமனைக்கு ஆகஸ்டு, செப்டம்பரில் திரும்பி வருவோர் கூடத்தான் செய்வார்கள். அந்த மாதங்களில் ஒரு மருத்துவமனையின் எண் மிகவும் குறைவாக இருந்தால் நான் பாராட்டத் தயங்குவேன்.

இனி இரண்டாம் கேள்வி. யார் திரும்பி வரக்கூடும் என்பதில் பல நாட்டு ஆய்வுகள் ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் தருகின்றன: வயது முதிர்ந்தவர்கள், இதயச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, சிறுநீரக நோய், புற்றுநோய் உள்ளவர்கள், மனநலச் சிக்கலோ மதுப் பழக்கமோ உள்ளவர்கள், தனியாக வசிப்பவர்கள், மருத்துவர் சொல்லைக் கேளாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்கள். மும்பை மருத்துவமனைகளில் இந்தக் கடைசி வகையினருக்கு ‘டாமா’ என்று பெயர். “பேஷன்ட் டாமா போயிட்டார்” என்பது அங்கே அன்றாடம் காதில் விழும் வாக்கியம். எல்லாவற்றையும்விட வலுவான அடையாளம் எது என்றால், அண்மையில் ஏற்கெனவே வந்துபோயிருப்பதுதான். ஆறு மாதத்தில் நாலு முறை வந்தவர் ஐந்தாம் முறையும் வருவார் என்று சொல்ல ஆய்வு வேண்டியதில்லை; ஆனாலும் கணித மாதிரிகளில் இந்த ஒரு தகவல் மற்றவற்றைவிட அதிக வேலை செய்கிறது.

இந்த அறிவைக் கையடக்கமாக்கும் முயற்சிகள் பல. கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஜேன் மெக்கஸ்கரும் அவரது குழுவினரும் உருவாக்கி 1999இல் வெளியிட்ட ‘ஐசார்’ என்ற கேள்வித்தாள் 65 வயதைக் கடந்தவர்களுக்கானது. ஆறே கேள்விகள், ஆம் அல்லது இல்லை. இந்த நோய்க்கு முன்பே உங்களுக்கு வழக்கமாக ஒருவர் துணை தேவைப்பட்டதா? இப்போது வழக்கத்தைவிடக் கூடுதல் உதவி தேவைப்படுகிறதா? கடந்த ஆறு மாதத்தில் மருத்துவமனையில் தங்கினீர்களா? பொதுவாகக் கண் நன்றாகத் தெரிகிறதா? நினைவில் பெரிய தடுமாற்றம் உண்டா? நாள்தோறும் மூன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் சாப்பிடுகிறீர்களா? கண் தெரிகிறதா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்பதும், மற்ற ஐந்துக்கு ‘ஆம்’ என்பதும் ஒரு புள்ளி. இரண்டு புள்ளி வந்தாலே கவனத்துக்குரியவர். ஒரு சிஸ்டர் இரண்டு நிமிடத்தில் கேட்டு முடித்துவிடலாம் என்பதுதான் இதன் அழகு. 2010இல் கனடாவின் ஒன்டாரியோவிலிருந்து வந்த ‘லேஸ்’ புள்ளிமுறை, வார்டில் தங்கி வீடு திரும்புகிறவர்களுக்கானது. எத்தனை நாள் தங்கினார், அவசரமாகச் சேர்க்கப்பட்டாரா, உடன் இருக்கும் நோய்கள் எவை, முந்தைய ஆறு மாதத்தில் எத்தனை முறை அவசரப் பிரிவுக்கு வந்தார் என்ற நான்கையும் கூட்டி 0 முதல் 19 வரை புள்ளி தருகிறது. 10 அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து அதிகம்.

இவை எவ்வளவு சரியாகச் சொல்கின்றன? திரும்பி வந்தவர் ஒருவரையும் வராதவர் ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், வந்தவருக்குத்தான் அதிகப் புள்ளி இருக்கும் என்பதற்கான வாய்ப்பை ஓர் எண்ணாகச் சொல்வது வழக்கம். நாணயம் சுண்டிப் பார்த்தால் அது 0.5. தவறே நேராதென்றால் 1. லேஸ் முறைக்கு அதை உருவாக்கியவர்களே கண்டது 0.68. முதியோருக்கான இத்தகைய கேள்வித்தாள்களைத் திரட்டி ஆராய்ந்து 2015இல் வெளிவந்த தொகுப்பாய்வு, அவற்றில் எதுவுமே ஆபத்து உள்ளவரையும் இல்லாதவரையும் போதிய அளவு பிரித்துக் காட்டவில்லை என்று முடித்தது. கணினி வழிக் கற்றல் மாதிரிகள் வந்த பிறகு எண் சற்று ஏறியிருக்கிறது. ஆனால் சிக்கல் மாதிரியின் கூர்மையில் மட்டும் இல்லை.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கேஷுவல்டியிலிருந்து 1000 பேர் வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களில் 50 பேர் மூன்று நாளில் திரும்பி வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் கருவி, வரப்போகிறவர்களில் 100க்கு 70 பேரைச் சரியாகக் குறிக்கும். வராதவர்களிலும் 100க்கு 70 பேரைச் சரியாக விட்டுவிடும். அப்படியானால் 50 பேரில் 35 பேர் சிக்குவார்கள். மீதி 950 பேரில் 285 பேரையும் கருவி வீணாகக் குறித்துவிடும். மொத்தம் 320 பேருக்குச் சிவப்பு முத்திரை. அதில் உண்மையில் திரும்புகிறவர் ஒன்பதில் ஒருவர். முத்திரை இல்லாத கூட்டத்திலிருந்தும் 15 பேர் வந்து நிற்பார்கள். திரும்பி வருவது அரிதாக நடக்கிற வரையில், கருவியை எவ்வளவு தீட்டினாலும் இந்தக் கூட்டல் கழித்தலிலிருந்து முழுதாகத் தப்ப முடியாது. 320 பேரையும் தொலைபேசியில் அழைத்து விசாரிக்க, நகரின் எந்தப் பொது மருத்துவமனையில் ஆள் இருக்கிறார்கள்?

இதற்கு மேல் எண்களை வைத்துக்கொண்டு பேசினால் கண்ணுக்கு எதிரே இருப்பது தவறிவிடும். எனக்கு நேரில் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் கட்டடத்தில் வேலைக்கு வரும் அக்காவின் மாமியாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எல்லோருக்கும் ஆச்சி. தாராவியில் மகன் வீட்டில் இருக்கிறார். அங்கே பல வீடுகளைப் போல இதுவும் கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. மேலே ஏற வெளிப்புறமாகச் செங்குத்தான இரும்பு ஏணி. இதயச் செயலிழப்பு உள்ளவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூச்சுத் திணறலோடு ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போட்டு, சிறுநீர் நன்றாகப் பிரிந்து, மூச்சு இறங்கியதும் மாலை ஏழு மணிவாக்கில் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். சிகிச்சையில் குறை எதுவும் இல்லை. புதன்கிழமை இரவு பதினொரு மணிக்கு அதே வாசலில் மறுபடியும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினால் விழுந்த குழி எழாமல் நின்றது. முந்தைய இரண்டு இரவும் அரிசி டின்னில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறார்.

பணியில் இருந்தவர் ஒரு மலையாளி சிஸ்டர். கேஸ் பேப்பரைப் பார்ப்பதற்கு முன்பே, ஜவுளிக்கடைப் பையில் இருந்த மாத்திரைகளை மேசையில் கொட்டச் சொன்னார். நீர் பிரிவதற்கான மாத்திரை, பத்து உள்ள அட்டையில் ஒன்பது அப்படியே இருந்தன. ஏன் சாப்பிடவில்லை என்று தமிழும் மலையாளமும் கலந்து கேட்டதற்கு ஆச்சி சொன்னது இது: “அதப் போட்டா அரைமணிக்கொருக்க போகச் சொல்லுது தாயி. அந்த ஏணியில எத்தன மட்டம் எறங்கி ஏற? கீழ போனா கக்கூஸ்ல காலையில இருவது பேரு நிக்கான்.” அந்த மாத்திரை, விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி ஏறக்குறைய ஆறு மணி நேரம் நீரை இறக்கும். காலை எட்டு மணிக்குப் போட்டால், பொதுக் கழிப்பிடத்தில் கூட்டம் நெரியும் நேரத்தில்தான் அவருக்கு அவசரம். மருந்தை நிறுத்தியது அறியாமையால் அல்ல. தன் மானத்தையும் முழங்காலையும் கணக்கில் எடுத்து அவர் செய்த முடிவு அது.

ஐசார் கேள்விகளை ஆச்சியிடம் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். துணை வேண்டுமா என்றால் வேண்டாம் என்பார். மருமகள் முன்னால் வேறெப்படிச் சொல்வார்? கண்ணும் நினைவும் நன்றாக இருக்கின்றன. ஆறு மாதத்துக்குள் ஊரில் ஒரு மருத்துவமனையில் மூன்று நாள் இருந்தது உண்மை. ஆனால் இங்குள்ள பதிவில் அது கிடையாது, கேட்கும் விதத்தில் கேட்டால்தான் வாயிலிருந்து வரும். மாத்திரைகள் மூன்றுக்கு மேல். ஆக, யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்து ஒரு புள்ளியும் வரலாம், மூன்றும் வரலாம். எப்படிக் கேட்டாலும் ஏணியும் கழிப்பிட வரிசையும் ஆறு கேள்விகளில் எதிலும் இல்லை. இன்னொன்று: ஞாயிறு மாலை ஏழிலிருந்து புதன் இரவு பதினொன்றுவரை 76 மணி நேரம். எனவே அந்த மாதக் கணக்கில் ஆச்சி திரும்பி வந்தவரே அல்லர்.

வீட்டுச் சூழ்நிலையைப் பற்றி இவ்வளவு சொன்னதால் உடலின் அடையாளங்களைக் குறைத்து மதிப்பிட்டுவிடக் கூடாது. அவசரப் பிரிவிலிருந்து அனுப்பப்பட்டு ஒரு வாரத்துக்குள் எதிர்பாராமல் இறந்தவர்களின் பதிவேடுகளைத் துருவிப் பார்த்த ஓர் ஆய்வு 2007இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவிலிருந்து வந்தது. அதில் திரும்பத் திரும்பத் தென்பட்டவற்றில் ஒன்று, காரணம் விளங்காமலே விட்டுவிட்ட வேகமான நாடித்துடிப்பு. வரும்போது பார்த்த நாடியையும் இரத்த அழுத்தத்தையும் எழுதுகிறார்கள். போகும்போது பெரும்பாலும் பார்ப்பதில்லை. கூட்டம் நெருக்கும்போது முதலில் கைவிடப்படுவது இந்த இரண்டாம் அளவீடுதான். எந்தக் கணித மாதிரியும் இல்லாமல், ஒரு கடிகாரமும் இரண்டு விரலும் கொண்டு, ‘இவரை இப்போது அனுப்பலாமா’ என்று மறுபடி யோசிக்க வைக்கக்கூடிய தகவல் அது. நான் ஒரு கேஷுவல்டியின் பொறுப்பில் இருந்தால், மென்பொருள் வாங்குவதற்கு முன், வாசலைத் தாண்டும் ஒவ்வொருவருக்கும் நாடியை மறுபடி எண்ணச் சொல்வேன்.

திரும்பி வந்தவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதில் ஒரு கண்மறைப்பு இருக்கிறது. அதே வாசலுக்குத் திரும்பி வராதவர் எல்லோரும் குணமானவர் அல்லர். அமெரிக்காவின் ஆறு மாநிலங்களின் தரவை இணைத்து 2015இல் வெளிவந்த ஆய்வில், மூன்று நாளுக்குள் மறுபடி அவசரப் பிரிவை நாடியவர்கள் 8.2 சதவீதம், அந்த வருகைகளில் சுமார் மூன்றில் ஒன்று வேறொரு மருத்துவமனையில் நிகழ்ந்தது. முதல் மருத்துவமனையின் ஏட்டில் அவை எல்லாம் வெற்றி. அதைவிடக் கசப்பானது 2017இல் வந்தது: அரசுக் காப்பீட்டில் உள்ள முதியோரில், அவசரப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் 10,000க்கு 12 பேர் ஏழு நாளுக்குள் இறந்திருந்தார்கள். விகிதம் சிறிது, ஆனால் அந்த நாட்டின் அளவில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல். நோயாளிகளை வார்டில் சேர்ப்பதற்கு மிகவும் தயங்கிய மருத்துவமனைகளில்தான் இந்த இறப்பு அதிகம். வீட்டில் இறந்தவர் திரும்பி வருவதில்லை; திரும்பி வருவோர் எண்ணிக்கையை அவர் குறைக்கவே செய்கிறார்.

மும்பையில் வாசல்கள் இன்னும் அதிகம். முதலில் பக்கத்துத் தெரு டாக்டர், பிறகு மூலையில் உள்ள நர்சிங் ஹோம், அங்கே முன்பணம் கேட்டதும் கே.இ.எம்., நாயர், சயான் போன்ற மாநகராட்சி மருத்துவமனை அல்லது மாநில அரசின் ஜே.ஜே. என்று ஒரே நோய் மூன்று நாளில் நாலு வாசல் ஏறும். தமிழ்க் குடும்பங்களில் ஐந்தாவது வாசல் ஒன்றும் உண்டு: ‘ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்’ என்று இரவோடு இரவாக ரயிலில் ஏற்றிவிடுவது. ஒரு வாசலில் பார்த்தது அடுத்த வாசலுக்குத் தானாகப் போய்ச் சேர்வதில்லை. நோயாளியின் கையில் இருக்கும் பிளாஸ்டிக் பைதான் பதிவேடு. 2021 செப்டம்பரில் நாடு முழுமைக்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க ஆபா எண் இதை மாற்றக்கூடும். ஆனால் எண் இருப்பது வேறு, ஒவ்வொரு நர்சிங் ஹோமும் அந்த எண்ணின்கீழ்க் குறிப்புகளை ஏற்றுவது வேறு.

பதிவுகள் இல்லாத இடத்தில் கணித மாதிரி என்ன செய்யும் என்பதற்கு ஓர் எச்சரிக்கை ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்காவில் பரவலாகப் பயன்பாட்டில் இருந்த ஒரு மென்பொருள், யாருக்குக் கூடுதல் கவனிப்புத் தேவை என்பதைக் கணிக்க, அவருக்கு ஆகும் மருத்துவச் செலவை அளவுகோலாக வைத்திருந்தது. கறுப்பின நோயாளிகளுக்குச் செலவிடப்பட்டதே குறைவு என்பதால், அதே அளவு நோயுற்ற வெள்ளையரைவிட அவர்களை அது ஆரோக்கியமானவர்களாகக் காட்டியது. 2019இல் இதை வெளிக்கொண்டு வந்தார்கள். செலவுக்குப் பதிலாக ‘முந்தைய வருகைகள்’ என்று போட்டுப் பாருங்கள். அடிக்கடி வந்து, ஒரே எண்ணில் பதிவாகி, காப்பீட்டில் எல்லாம் முடித்துக்கொள்ளும் வசதியுள்ளவர் ஆபத்தானவராகத் தெரிவார். ஒரு நாள் கூலி போய்விடும் என்று வலியைப் பொறுத்துக்கொண்டு வராமல் இருந்தவர், ஒவ்வொரு முறையும் வேறு வாசலில் புதுக் கேஸ் பேப்பர் எடுத்தவர், ஊரில் படுத்து எழுந்து வந்தவர் எல்லோரும் சுத்தமான பதிவோடு, பச்சை முத்திரையோடு வெளியேறுவார்கள்.

மூன்றாம் கேள்விக்கு வருவோம். கண்டுகொண்ட பிறகு என்ன செய்வது? அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில், அடிக்கடி மருத்துவமனையில் சேருகிறவர்களைத் தேடிப்பிடித்து, செவிலியரும் சமூகப் பணியாளரும் வீட்டுக்கே போய்க் கவனித்த திட்டம் நாடெங்கும் புகழ்பெற்றது. சேர்ந்தவர்களுக்கு மருத்துவமனைச் செலவு கிடுகிடுவென்று குறைந்ததாகச் சொன்னார்கள். பிறகு 800 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டபோது, ஆறு மாதத்தில் மறுபடி சேர்ந்தவர்கள் திட்டத்தில் இருந்தோரில் 62.3 சதவீதம், இல்லாதோரில் 61.7. இரு தரப்பிலும் வருகைகள் குறைந்துதான் இருந்தன. ஒருவரை அவருடைய மிக மோசமான காலத்தில் தேர்ந்தெடுத்தால், நாம் எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த காலம் சற்று மேலாகத்தான் இருக்கும். காய்ச்சல் உச்சத்தில் மந்திரித்தவருக்குப் பேர் கிடைப்பது போலத்தான் இது. அவசரப் பிரிவிலிருந்து போன முதியோர் சுமார் 2000 பேரை வைத்துச் செய்து 2018இல் வெளியான இன்னொரு சோதனையில், செவிலியர் மூன்று நாளுக்குள் தொலைபேசியில் அழைத்து மருந்தையும் மறுபரிசோதனையையும் நினைவூட்டியது, முப்பது நாளுக்குள் திரும்பி வருவதைக் குறைக்கவில்லை.

இதனால் எதுவும் பயனில்லை என்று ஆகிவிடாது. ஆபத்து அதிகம் என்பது ஒன்று. நம்மால் மாற்றக்கூடிய ஆபத்து என்பது வேறு. கடைசிக் கட்டப் புற்றுநோயாளி திரும்பி வருவார் என்று கணிப்பது எளிது. வாசலில் செய்யும் எதனாலும் அது மாறாது, அவருக்கு வேண்டியது வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கு வரும் செவிலியரும். புள்ளிகளின் உச்சியில் இருப்பவர்களைவிட, நடுவில் எங்கோ கிடக்கும் ஆச்சி போன்றவர்களிடம்தான் பத்து நிமிடப் பேச்சு பலன் தரும். ஆனால் புள்ளிமுறை கவனத்தை உச்சிக்குத்தான் இழுக்கிறது.

அந்தப் பத்து நிமிடத்தில் பெரிய பங்கு மொழிக்கு உண்டு. அமெரிக்காவில் 2009இல் வெளியான ஆய்வில், அவசரப் பிரிவிலிருந்து வெளியேறியவர்களில் 78 சதவீதம் பேருக்குத் தங்கள் நோய், சிகிச்சை, மேற்கவனிப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாவது சரியாக விளங்கியிருக்கவில்லை. விளங்காத இடங்களில் பெரும்பாலானவற்றில், விளங்கவில்லை என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் பேசியதும் கேட்டதும் ஒரே மொழியில். மும்பையில் எழுதுவது ஆங்கிலத்தில், சொல்வது இந்தியிலோ மராத்தியிலோ, கேட்டுக்கொள்வது பள்ளிக்கூடம் போகும் பேரன், அவன் வீட்டில் போய்ச் சொல்வது தமிழில். “பானி கம் பீனேகா” (தண்ணீர் குறைவாகக் குடிக்கணும்) என்று மருத்துவர் சொன்னதில் ‘கம்’ மட்டும் வழியில் தொலைந்து, தண்ணீரைக் குறைக்க வேண்டிய நோயாளிக்குச் செம்பு செம்பாகக் கஞ்சித் தண்ணீர் போன கதைகள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் எத்தனையோ. “புரிந்ததா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். “வீட்டுக்குப் போய் என்ன செய்வீர்கள், நீங்களே சொல்லுங்கள்” என்று நோயாளியையே திருப்பிச் சொல்ல வைக்கும் முறையில்தான் தொலைந்துபோன ‘கம்’ அகப்படும். 2022இன் இறுதியில் தொடங்கி மும்பை மாநகராட்சி திறந்துவரும் ஆப்லா தவாகானா என்ற சிறு மருத்துவ நிலையங்கள் இன்னொரு வாய்ப்பு. இரண்டாம் நாள் எடையும் நாடியும் பார்க்க, கேஷுவல்டி வரிசையில் நிற்காமல் வீட்டருகே போய்வரலாம். ஆனால் அங்கே போகச் சொல்லி ஒரு சீட்டு எழுதித் தந்தால்தான் நோயாளி போவார்.

தர அளவீட்டை நிர்வாகங்கள் எப்படிக் கையாள்கின்றன என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2013ஆம் ஆண்டின் தரவை வைத்து 2016இல் வெளிவந்த ஆய்வு, வீட்டுக்கு அனுப்பப்பட்டுப் பிறகு திரும்பி வந்து வார்டில் சேர்க்கப்பட்டவர்கள், முதல் வருகையிலேயே சேர்க்கப்பட்டவர்களைவிட மோசமான நிலையில் இல்லை என்று கண்டது. இறப்பும் தீவிர சிகிச்சைத் தேவையும் அவர்களிடம் குறைவாகவே இருந்தன. எனவே, திரும்பி வந்தார் என்பதாலேயே முதல் முறை தவறு நடந்தது என்று கொள்ள முடியாது. மறுபுறம், 2012 முதல் அமெரிக்க அரசு, இதயச் செயலிழப்பு முதலிய நோய்களில் முப்பது நாளுக்குள் மறுசேர்க்கை அதிகமான மருத்துவமனைகளுக்குப் பணத்தைக் குறைத்தது. மறுசேர்க்கை இறங்கியது. அதே காலத்தில் இதயச் செயலிழப்பு நோயாளிகளின் இறப்பு ஏறியதாகச் சில ஆய்வுகள் சொல்ல, அது அந்தத் திட்டத்தால்தானா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் வாசலில் நிற்கும் இளம் மருத்துவரைப் பொறுத்தவரை விஷயம் எளிது. திரும்பி வருவோர் எண்ணிக்கைக்காக அவரைக் கேள்வி கேட்டால், “ஏதாவது என்றால் உடனே வாருங்கள்” என்று அவர் சொல்லும் குரல் தானாகவே தணிந்துவிடும்.

ஆச்சிக்கு அன்றிரவு மறுபடி ஊசி போட்டார்கள். காலையில் வந்த மருத்துவரிடம் சிஸ்டர் ஏணியைப் பற்றிச் சொன்னார். மருந்தையோ அளவையோ மாற்றவில்லை. நேரத்தை மட்டும் எட்டிலிருந்து பதினொன்றுக்குத் தள்ளினார்கள். அந்த நேரத்தில் கழிப்பிடத்தில் கூட்டம் இருக்காது, மருமகளும் முதல் வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்திருப்பார். பகலில் ஆச்சி கீழ் அறையிலேயே இருந்துகொள்வார். கேஸ் பேப்பரில் ‘1-0-0’ (காலையில் மட்டும் ஒன்று) என்று இருந்ததற்குப் பக்கத்தில் பேனாவால் ‘11 மணி’ என்று ஆங்கிலத்தில் சேர்த்தார்கள். ஏன் என்று எழுத அதில் இடமில்லை.